இன்னும் ரெண்டு சுத்து முறுக்கினா பிரேக் பிடிச்சிடுமா?

"டிராக்டருக்கு எதுக்குண்ணே பிரேக்கு? கலப்பையை இறக்கினா தானா நிக்கப் போவுது!"

எங்க ஊர் டீக்கடையில் இதைச் சொல்லிச் சிரிக்காத டிராக்டர்க்காரன் கிடையாது. நானும் சிரிச்சவன்தான், போன தை அறுவடை வரைக்கும்.

டவுன்ல இருந்து படிக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். உங்க காரில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இருக்கும். எங்க டிராக்டரில் பின் சக்கரம் ரெண்டுக்கு மட்டும்தான். வலது கால் பக்கம் ரெண்டு பெடல் இருக்கும், ஒண்ணு இடது சக்கரத்துக்கு, இன்னொண்ணு வலது சக்கரத்துக்கு. வயல் மூலையில் மடக்கித் திருப்ப அது வேணும். ரோட்டுக்கு ஏறும்போது ரெண்டு பெடலையும் கொண்டி போட்டு ஒண்ணாக்கணும். கொண்டி போடாம ஓட்டி ஒரு பெடலை மட்டும் மிதிச்சா, வண்டி நிக்காது, சுத்தும்.

என் வண்டி பழசு. டிஸ்க் எண்ணெயில் மூழ்காத, உலர் பிரேக் வகை. சம்பா நடவுக்குக் கேஜ் வீல் மாட்டிச் சேறடிச்ச பிறகு பின் பிரேக் மந்தமாச்சு. பட்டறைக்கு ஓட்டிப் போனேன். மெக்கானிக் கீழே குனிஞ்சார், பிரேக் ராடு நட்டை ரெண்டு சுத்து முறுக்கினார். "போங்கண்ணே, கல்லு மாதிரி நிக்கும்." பத்து நாள் நின்னுச்சு. மறுபடி போனேன், மறுபடி ரெண்டு சுத்து. மூணாவது தடவை பெடலில் ஆட்டமே இல்லை. காலை வைக்காமலே பிரேக் உரசுது, பிரேக் பெட்டி கொதிக்குது. ஆனா மிதிச்சா மட்டும் நிக்கலை.

அந்த வண்டியில்தான் கொள்முதல் நிலையத்துக்கு நெல் ஏத்தினேன். 40 கிலோ மூட்டை 100. அதாவது நெல் மட்டும் 4 டன். டிரைலர் எடை தனி. டிராக்டரோ ஏறக்குறைய 2 டன்தான். என் அக்கா மகன் மட்கார்டு மேல உட்கார்ந்திருந்தான். ஏரிக்கரை இறக்கத்தில் எதிரே ஒரு வேன். மிதிச்சேன். இடது பக்கம் பிடிக்கலை, வலது பக்கம் பிடிச்சது. வண்டி வலது பக்கமா, வேனைப் பார்த்து இழுத்தது. பின்னாடி டிரைலர் முட்டித் தள்ளுது. வேன்காரர் புண்ணியத்தில் அவர் ஒதுங்கிட்டார். நாங்க எதிர்ப்பக்கப் பள்ளத்தில் இறங்கினோம். பையனுக்குக் காரை எலும்பு முறிஞ்சது. "மாமா, பிரேக் போடலையா?"ன்னு அவன் கேட்டதுக்கு இன்னைக்கும் என்கிட்ட பதில் இல்லை.

அப்புறம் வேற ஊர் மெக்கானிக் ஒருத்தரை வைத்துப் பிரித்தோம். இடது பக்க ஆயில் சீல் போய், லைனிங் எண்ணெயில் ஊறிக் கிடந்தது. வலது பக்க லைனிங்கோ உரசி உரசி கண்ணாடி மாதிரி மினுங்குது. எண்ணெய் குடிச்ச லைனிங்கை எத்தனை சுத்து முறுக்கினாலும் பிடிக்காது. சீலையும் மாத்தணும், லைனிங்கையும் மாத்தணும், ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்தணும். செலவு மூணு நாள் உழவு வாடகைக்குள் முடிஞ்சது. பையனோட ஆஸ்பத்திரிச் செலவு அதைப்போல பல மடங்கு.

என் கோபம் அந்த மெக்கானிக் மேல மட்டும் இல்லை. முறுக்கறது வைத்தியம் இல்லை, வலியை மறைக்கிற மாத்திரை. அதைத் தெரிஞ்சே செய்யறவர் தப்பு. ஆனா "பிரிச்சா ரெண்டு நாள் வேலை கெடும், முறுக்கி விடுங்க"ன்னு சொன்னது யாரு? நான்தான். வண்டி வாங்கும்போது எத்தனை எச்பி, லிப்ட் எவ்வளவு தூக்கும், மணிக்கு எவ்வளவு டீசல் குடிக்கும்னு குடைஞ்சு கேட்கிறோம். பிரேக் உலர் வகையா, எண்ணெயில் மூழ்கியதான்னு எத்தனை பேர் கேட்கிறோம்?

டிரைலர் கதை இன்னும் மோசம். எங்க பக்கம் ஓடற டிரைலரில் பெரும்பாலானதுக்குப் பிரேக்கே கிடையாது. 5 டன்னை 2 டன் வண்டியோட ரெண்டு சக்கரம் நிறுத்தணும். 20 கிலோமீட்டர் வேகத்தை 30 ஆக்கினா, பிரேக் விழுங்க வேண்டிய சக்தி இரண்டேகால் மடங்காகுது. இது டிரைவர் திறமையால தீர்ற கணக்கு இல்லை.

"கீழ் கியர்ல இறக்கினா போதுமே"ன்னு பெருசுங்க சொல்லுவாங்க. பாதி உண்மை. இறக்கம் தொடங்கும் முன்னாடியே கியரைக் குறைக்கணும், நியூட்ரலில் உருட்டவே கூடாது. ஆனா குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வந்தா கியர் நிறுத்தாது.

அதனால டிராக்டர் வச்சிருக்கிறவங்களுக்குச் சொல்றேன். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கட்டை வச்சு, ரெண்டு பெடலும் ஒரே அளவு ஆடுதான்னு பாருங்க. பிரேக் பெட்டிக்கு அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கான்னு பாருங்க. காலி ரோட்டில், டிரைலர் இல்லாம, மெதுவா ஓட்டி மிதிங்க. ஒரு பக்கம் இழுத்தா வயலோட நிறுத்திடுங்க. சேறு, தண்ணியில் இறங்கி வந்தா, ரோட்டுக்கு ஏறும் முன்னாடி நாலு தடவை லேசா மிதிச்சுக் காய வையுங்க. அதுக்கும் சரியாகலைன்னா பிரிக்கச் சொல்லுங்க, முறுக்கச் சொல்லாதீங்க.

வார இறுதிக்குப் பண்ணை வீட்டுக்கு வந்து ஏடிவி ஓட்டறவங்களுக்கும் இது பொருந்தும். எண்ணெய் பிரேக்கில் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினா பைப்பில் காத்து இருக்கலாம். கெட்டியா இருந்தும் நிக்கலைன்னா முதல்ல லைனிங்கைப் பாருங்க.

இது எதுவுமே இல்லாத டவுன்காரருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். லோடு ஏத்தின டிராக்டருக்கு முன்னாடி வெட்டிப் புகுந்து பிரேக் அடிக்காதீங்க. பின்னாடி வர்றவன் நிறுத்த மாட்டேங்கிறவன் இல்லை, அவனால முடியாது.

பையனுக்கு எலும்பு கூடிடுச்சு. மட்கார்டு மேல ஏற இப்ப நான் யாரையும் விடறதில்லை. டீக்கடையில் அந்த ஜோக்கை யாராவது சொன்னா, நான் சிரிக்கறதும் இல்லை.