பாட்டும் பொருளும்: பாதியில் மாறும் பல்லவி



பாட்டில் பல்லவி எதற்கு? ஒரே கருத்து கேட்பவர் மனத்தில் ஊன்றி நிற்பதற்கு என்பீர்கள். அந்தப் பல்லவியையே பாதியில் மாற்றிவிட்டால் என்ன ஆகும்? டென்மார்க் நாட்டுப் பக்திப் பாடல் ஒன்றைப் பாருங்கள்.

தரங்கம்பாடிக்கு 1620இல் வந்து, 1845இல் அதை விற்றுவிட்டுப் போன டேனிஷ்காரர்களின் மொழியில் அமைந்த பாடல் இது. எழுதியவர் தோமஸ் கிங்கோ (1634-1703). நெசவாளியின் மகன். 1677இல் பிஷப் ஆனார். 1679இல் பிரபு பட்டமும் பெற்றார். உலகத்துக்கு விடை கொடுக்கும் இந்தப் பாட்டை 1681இல் வெளியிட்டார்.

கண்ணிக்கு ஆறு அடிகள். இரண்டிரண்டு அடிகள் ஒரே ஓசையில் முடியும். நம் இலக்கணத்தில் இதை இயைபு என்போம். முதலடியும் கடைசியடியும் குட்டையானவை. கடைசியடிதான் பல்லவி. சொன்னதையே இரண்டு முறை சொல்லும்.

முதல் பாதியில் உலகம் எஜமான், பாடுபவர் அடிமை. அவர் சுமையைக் கீழே போடுகிறார். செல்வம், புகழ், பெரிய மனிதர் தயவு, நட்பு, உடலின்பம் என்று ஒவ்வொன்றையும் எதிரே நிறுத்திக் கேள்வி கேட்கிறார். முடிவில் விழும் சொல் 'மாயை'. பைபிளில் பிரசங்கி என்னும் நூல் திரும்பத் திரும்பச் சொல்லும் அதே சொல்தான்.

பிறகு பல்லவி மாறுகிறது. மாயை இருந்த இடத்தில் 'ஆபிரகாமின் மடி' வந்து உட்காருகிறது. உதறித் தள்ளிய செல்வமும் புகழும் நட்பும் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. இப்போது அவற்றுக்கு அழிவில்லை. ஆசைப்பட்டது தவறென்று கவிஞர் சொல்லவில்லை. கேட்ட இடம்தான் தவறு என்கிறார்.

ஆபிரகாமின் மடியில் இருப்பவர் யார் தெரியுமா? லூக்கா எழுதிய சுவிசேஷம் சொல்கிறது: செல்வன் வீட்டு வாசலில் உடம்பெல்லாம் புண்ணோடு பசித்துக் கிடந்த லாசரு என்ற ஏழை. பட்டமும் பதவியும் பெற்ற பிஷப், கடைசியில் தமக்கு வேண்டுமென்று கேட்டது அந்த ஏழைக்குக் கிடைத்த இடத்தைத்தான்!

முதல் பாதியோடு எழுந்து போகிறவருக்கு இது வெறும் விரக்திப் பாட்டு. முழுதும் கேட்டவருக்கோ, உழைத்துக் களைத்தவன் தலைசாய்க்க ஓரிடம் உண்டு என்னும் ஆறுதல் பாட்டு. ஆகவே, எந்தப் பாட்டானாலும் பல்லவி எங்கே மாறுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். கவிஞரின் நெஞ்சு அங்கேதான் திறக்கும்.