குழந்தைகளின் கண்

திருப்பூர் மாநகராட்சியைச் சேர்ந்த வேலம்பாளையத்தில், பனியன் செக்கிங் மேஜையைத் தாண்டாமல் பெட்டிக்குள் போவதில்லை. பிழையை முன்னரே கண்டால் திருத்தலாம். கப்பலேறிய பின் கண்டால் நஷ்டமே. இந்த நியாயம் தொழிலாளரின் குழந்தைகளுடைய கண்களுக்கும் வேண்டாமா?

குழந்தைக்கு ஒரு கண் மங்கலாயிருப்பின் மூளை நல்ல கண்ணையே நம்பி, மற்றதைக் கைவிட்டுவிடுகிறது. 'சோம்பல் கண்' எனப்படும் இக்கோளாற்றில் வலியில்லை; குழந்தையின் ஓட்டத்திலும் ஆட்டத்திலும் குறைவில்லை. ஆகவே பெற்றோர் சந்தேகிக்கவும் ஏதுவில்லை. ஏழு வயதுக்குள் கண்டுகொண்டால் மூக்குக்கண்ணாடியும், நல்ல கண்ணைத் தினந்தோறும் சிறிது நேரம் மூடிவைப்பதும் பெரும்பாலும் பலன் தரும். காலங்கடந்தால் குணமடைவது துர்லபம்.

2009-ல் தமிழ்நாட்டில் தோன்றிய 'கண்ணொளி காப்போம்' திட்டம் பள்ளி மாணவர்க்குக் கண்ணாடி வழங்க முற்பட்டது. 2013-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய சிறார் சுகாதாரத் திட்டம், அங்கன்வாடிகளில் வருஷத்துக்கு இருமுறை பரிசோதனை நடத்த விதித்தது. இவை மெச்சத்தக்கவையே. ஆனால் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்தோரின் குழந்தை அங்கன்வாடியில் பெயர் பதியாவிடில், அதன் கண்ணை யார் பார்ப்பது?

மூன்று வயது முதல் ஐந்து வயதுக்குள், ஒவ்வொரு குழந்தைக்கும் இரு கண்களையும் தனித்தனியே சோதித்தாக வேண்டும் என்பதே நமது கோரிக்கை. ஆலைகளுக்கு விடுமுறையான ஞாயிறுகளில் மாநகராட்சி தெருத்தோறும் முகாம் நடத்துக. முதலாளிகள் செலவில் பங்கேற்பாராக. தொழிற்சங்கத்தினரும் பொதுநல ஊழியரும் வீடு வீடாய்ச் சென்று குழந்தைகளை அழைத்து வருவாராக. முதற்சோதனைக்குப் பயிற்சி பெற்ற ஓர் ஊழியரும், படங்கள் பொறித்த அட்டையும், ஒரு கண்ணை மறைக்கச் சிறு துணியும் போதும். துணிக்கு அவ்வூரில் பஞ்சமில்லை.