ஸ்க்விட் நிறுவத் தெரிந்தால் போதுமா?

இணைய வாசலில் ஒரு கேஷிங் ப்ராக்ஸியை வைத்துவிட்டால் வேகம் கூடும், டேட்டா மிச்சமாகும், அதற்கு மேல் கற்க ஒன்றுமில்லை என்று நெட்வொர்க் வேலையில் இருக்கும் பலர் நம்புகிறார்கள். ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருளை நிறுவு, 3128ஆம் போர்ட்டைத் திற, யாரோ எழுதிய கான்ஃபிக் கோப்பை ஒட்டு. பாடம் முடிந்தது என்கிறார்கள். இந்த நம்பிக்கை தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

1996இல் ஸ்க்விட் வெளிவந்தபோது இணையப் பக்கங்கள் பெரும்பாலும் திறந்த மடலாகவே வந்தன. ஒருவர் பார்த்த படத்தை அடுத்தவருக்கு ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே எடுத்துக் கொடுக்க முடிந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டன. பிரவுசர் கேட்டதும் ப்ராக்ஸி ஒரு பாதையைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. உள்ளே என்ன போகிறது என்று அதற்குத் தெரியாது; தெரியாததை எப்படிச் சேமிக்கும்? கேஷிலிருந்தே கொடுக்கப்படும் பதில்களின் பங்கான ஹிட் விகிதம் ஏறவில்லையே என்று டிஸ்க்கைப் பெருக்குகிறவர்களுக்கு நினைவகத்துக்கும் தட்டுப்பாடு வரும். 64 பிட் கணினியில் ஒவ்வொரு ஜிபி கேஷுக்கும் பட்டியலுக்கு மட்டும் சுமார் 14 எம்பி ராம் தேவை.

வேறு சிலர் எல்லாக் கணினிகளிலும் தங்கள் சொந்த ரூட் சான்றிதழைப் பதித்து, குறியாக்கத்தை நடுவழியில் அவிழ்க்கிறார்கள். அப்போது பயனரின் வங்கிக் கடவுச்சொல்லும் அந்த சர்வர் வழியே வெளிப்படையாகப் போகும். கொஞ்சம் டேட்டா மிச்சத்துக்காக இதைச் செய்ய யாருக்கும் உரிமையில்லை.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது ஒட்டப்படும் அந்தக் கான்ஃபிக் கோப்புதான். 'இக்னோர்-பிரைவேட்', 'இக்னோர்-நோ-ஸ்டோர்' என்ற சொற்கள், எதை எவ்வளவு நேரம் சேமிப்பது என்று சொல்லும் ரிஃப்ரெஷ் பேட்டர்ன் வரிகளில் சர்வசாதாரணமாகக் கிடக்கின்றன. இந்தப் பதில் ஒருவருக்கு மட்டுமே உரியது, இதைச் சேமிக்காதே என்று மூல சர்வர் சொல்லியனுப்புவதைக் கேட்காதே என்பதுதான் அவை இடும் கட்டளை. ஹிட் எண்ணிக்கை உயரலாம். ஆனால் ஒருவரின் பக்கம் இன்னொருவர் திரையில் விரியக்கூடும்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் விளையாட்டுக் கடையின் மீது தாக்குதல் நடந்தது. நெரிசலைத் தாங்க அதன் கேஷிங் கூட்டாளி நிறுவனம் அவசரமாக இட்ட விதி, லாகின் செய்தவர்களின் பக்கங்களையும் சேமித்துவிட்டது. ஒன்றரை மணி நேரத்துக்குள் சுமார் 34,000 பேரின் முகவரி, மின்னஞ்சல், வாங்கிய பட்டியல் போன்றவை அந்நியர் கண்ணில் பட்டிருக்கக்கூடும் என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. அங்கே இருந்தவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர்.

கேஷிங் செத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இன்று அது பெரும்பாலும் தளத்தின் பக்கம் நகர்ந்திருக்கிறது. நார்வேயின் விஜி நாளிதழ்த் தளத்துக்காகப் பிறந்து 2006இல் வெளியான வார்னிஷ் என்ற கேஷிங் மென்பொருள் அங்கே நிற்பதுதான். எதை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்பதை உள்ளடக்கத்துக்கு உரியவரே அங்கே தீர்மானிக்கிறார்.

ஆகவே பயிற்சி வகுப்புகள் நிறுவலில் தொடங்கவே கூடாது. முதலில் ஆக்சஸ் லாக்கைத் திறந்து, இந்த வரி ஏன் டிசிபி மிஸ் (கேஷில் இல்லாதது), அந்த வரி ஏன் டிசிபி டனல் (ப்ராக்ஸி வெறும் பாதையாக நின்றது) என்று மாணவர் சொல்லட்டும். கேஷ்-கன்ட்ரோல் ஹெடரைப் படித்து, இந்தப் பதிலை இரண்டாவது ஆளுக்குக் கொடுக்கலாமா என்று விடையளிக்கட்டும். அதன்பிறகு கான்ஃபிக் கோப்பை அவர் கையில் கொடுங்கள்.