“ஏன் விட்டுப் போகவில்லை?” என்று கேட்பவர்களுக்கு

முகாமில் வாழ்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. தறப்பாளுக்கு அப்பால் ஒரு பெண் அடிபட்டால் இப்பால் இருப்பவருக்குக் கேட்கும். ஆனால் காலையில் தண்ணீர் வரிசையில் அதைப்பற்றி எவரும் கதைப்பதில்லை. “அது குடும்ப விவகாரம்” என்று விட்டுவிடுவோம். சற்று இரக்கமுள்ளவர்கள், “இவ்வளவு அடியும் வாங்கிக்கொண்டு ஏன் இன்னும் அவனோடு இருக்கிறாள்?” என்பார்கள். இந்தக் கேள்வியே பிழையானது என்பது எமது கருத்து.

இக்கேள்வியை ஆராய்ந்தவர்களுள் அமெரிக்க உளவியலாளர் லெனோர் வோக்கர் முக்கியமானவர். கணவனால் தாக்கப்பட்ட பெண்கள் கூறியவற்றைத் தொகுத்து 1979இல் அவர் ஒரு நூலை வெளியிட்டார். இவ்வன்முறை ஒரு வட்டமாகச் சுழல்கிறது என்றார். முதலில் வீட்டில் இறுக்கம் கூடும். சிறு விடயத்துக்கும் சினம் வரும். மனைவி பயந்து பயந்து நடப்பாள். பின்பு அடி விழும். அதன் பின் மன்னிப்பு, கண்ணீர், “இனிக் குடிக்கமாட்டேன்” என்ற சத்தியம். அவள் நம்புவாள். சில நாட்களில் எல்லாம் மீண்டும் தொடங்கும். எல்லாச் சம்பவங்களிலும் இம்மூன்று கட்டங்களும் காணப்படுவதில்லை என்பதை அவரது பிந்திய ஆய்வே காட்டியது. ஆயினும் அவளைக் கட்டிவைத்திருப்பது பயம் மட்டுமல்ல, நம்பிக்கையும்தான் என்பதை அவர் எமக்கு விளங்கவைத்தார்.

மீண்டும் மீண்டும் அடிபடும் பெண், தான் என்ன செய்தாலும் பயனில்லை என்று சோர்ந்து போகிறாள் என்றும் வோக்கர் எழுதினார். இதனை எல்லோரும் ஏற்கவில்லை. எட்வேட் கொன்டோல்ப், எலன் பிஷர் என்ற இரு ஆய்வாளர்கள், டெக்சாஸ் மாநிலத்தின் புகலிடங்களுக்கு வந்த 6000க்கு மேற்பட்ட பெண்களின் விபரங்களை ஆராய்ந்து 1988இல் வேறொரு முடிவை வெளியிட்டனர். கொடுமை கூடக்கூட அப்பெண்கள் மேலும் மேலும் உதவி தேடினார்கள். உறவினரிடம், பொலிசாரிடம், வைத்தியரிடம் போனார்கள். உதவ வேண்டியவர்களே சோர்ந்திருந்தார்கள். அவள் பேசாமல் இருந்தாள் என்று சொல்லுமுன், அவள் பேசியபோது நாம் காது கொடுத்தோமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

எமது பெண்கள் எங்கே போவது? இடம்பெயர்ந்தபோது காணியும் கிணறும் மட்டும் கைவிட்டுப் போகவில்லை. தாய்வீடும் அயலும் சிதறிப்போயின. வடபகுதித் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டப்படி, மணமான பெண் தன் சீதனக் காணியைக்கூட கணவனின் எழுத்துமூலச் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இன்றி விற்க முடியாது. கையில் பணமும் இல்லை, போக இடமும் இல்லை என்றால் “விட்டுப் போ” என்பது வெறும் வாய்ச்சொல்.

“போர் அவனை இப்படி ஆக்கிவிட்டது” என்று சிலர் சொல்வார்கள். போர் மனங்களைக் காயப்படுத்தியது உண்மை. யாழ்ப்பாணத்து உளநல வைத்தியர் தயா சோமசுந்தரம் 1998இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இந்த மனவடுக்களை விபரித்துள்ளார். அவனுக்கும் வைத்தியமும் உளவளத்துணையும் வேண்டும். ஆனால் அதே ஷெல்லுக்கு அஞ்சி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளும்தானே ஓடினாள்? கசிப்புக் குடித்தவன் கடன் தந்த முதலாளியை அடிப்பதில்லை. வீட்டுக்கு வந்துதான் அடிக்கிறான். ஆகவே யாரை அடிக்கலாம் என்பது அவனுக்குத் தெரிந்தே இருக்கிறது.

அமெரிக்க உளநல மருத்துவர் ஜூடித் ஹேர்மன் 1992இல் வெளியிட்ட நூலில், போர்க்களத்திலிருந்து திரும்பியவர்களிடமும் வீட்டில் கொடுமைப்பட்ட பெண்களிடமும் ஒரே வகை மனவடுவைக் காட்டினார். திடுக்கிட்டு விழித்தல், பயங்கரக் கனவு, மரத்துப்போன மனம் ஆகியன இருசாராருக்கும் பொது. குண்டுச் சத்தத்தால் வந்த நடுக்கத்துக்கு இரங்கும் நாம், கணவனின் காலடிச் சத்தத்தால் வரும் நடுக்கத்துக்கும் இரங்கவேண்டும்.

ஹேர்மன் கூறும் குணமடையும் வழியில் முதற்படி பாதுகாப்பு. நடந்ததை நினைத்துத் துக்கப்படுவதும், மீண்டும் மனிதரோடு சேர்ந்து வாழ்வதும் அதன் பின்பே. விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மிதிவெடி அகற்றாத காணியில் எவரும் ஏர் பூட்டமாட்டோம். அடி நிற்காத வீட்டில் “பொறுத்துப் போ, மறந்துவிடு” என்று புத்தி சொல்வதும் அப்படித்தான்.

இந்நாட்டில் 2019இல் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வில், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண் வாழ்நாளில் தன் துணைவரால் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளானதாகக் கூறினார். அதாவது இது எங்கோ ஒரு வீட்டில் நடப்பதல்ல. ஒவ்வொரு ஒழுங்கையிலும் நடப்பது.

நாம் செய்யக்கூடியவை உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம்; அது 12 மாதங்கள் வரை செல்லும். பொலிசாரும் அவள் சார்பில் விண்ணப்பிக்கலாம். 1938 என்ற மகளிர் உதவித் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் ‘நட்பு நிலையம்’ இயங்குகிறது. நீதிமன்றத்துக்கோ வைத்தியசாலைக்கோ போகும் நாளில் அவளோடு கூடப் போகலாம். அவளது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். அவள் சொன்னதை ஊரெல்லாம் பரப்பாதிருப்பதும் பெரிய உதவியே. ஆனால் அவசரப்படுத்தவேண்டாம். விட்டுப் போகும் வேளைதான் பெரும்பாலும் ஆபத்துக் கூடிய வேளை. எப்போது, எப்படி என்பதை அவளே தீர்மானிக்கட்டும்.

நாம் ஊரை விட்டு ஓடிவந்தபோது, “ஏன் முன்பே போகவில்லை?” என்று எம்மைக் கேட்டவர்களும் உண்டு. அக்கேள்வி எவ்வளவு நொந்தது என்பது எமக்குத் தெரியும். அதனை எமது வேலிக்கு அப்பால் இருக்கும் பெண்ணிடம் நாம் கேட்கவேண்டாம். “நான் என்ன செய்யட்டும், தங்கச்சி?” என்று கேட்போம்.