எந்த வேலைக்கு எந்தச் சாணை?

ஈஜோக் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் தம்பி ஒருவர், இணையத்தில் வாங்கிய மடக்குக் கத்தியைக் கொண்டுவந்து காட்டினார். கறுப்பு அலகு, பிடியில் புலி நகக் கோடுகள், பார்க்க அழகுதான். ஆனால் வாய் முழுக்கப் பல் பல்லாக உடைந்திருந்தது. "டூப்ளிகேட் இரும்புக்கா" என்றார். இரண்டு நாள் காய்ந்த மட்டையைக் கொத்தியிருக்கிறார்.

எனக்கென்னவோ இரும்பைக் குறைசொல்லத் தோன்றவில்லை. குறை சாணையில் இருந்தது.

கத்தியை வாங்கும்போது நாம் முன்னிருந்து பின்னாகப் பார்க்கிறோம்: நீளம், பிடி, பளபளப்பு. பார்க்க வேண்டியது நுனியிலிருந்து. வணக்கம் சொல்வதுபோல் கைகளைக் குவியுங்கள். விரல் நுனிகள் மட்டும் தொட்டு, மணிக்கட்டுகள் விலகி, இரு கையும் நேராகச் சரிந்து நின்றால் அது தட்டைச் சாணை. கைகள் வெளிப்பக்கம் உப்பி நின்றால் உப்பல் சாணை. நம் வீட்டுப் பாராங்கின் வாய் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். விரல்கள் பாதி நீளத்துக்கு ஒட்டிக்கொண்டு, உள்ளங்கைகள் மட்டும் சட்டென்று விரிந்தால் அது குழிச் சாணை. சலூனில் முன்பு தோல்வாரில் தீட்டுவார்களே, அந்தச் சவரக்கத்தி இந்த வகை.

குழிச் சாணையில் வாய்க்குப் பின்னால் இரும்பே இல்லை. அதனால்தான் மீனின் வயிற்றையும் கயிற்றையும் வெண்ணெய்போல் அறுக்கும். அதே காரணத்தால், நார் நிறைந்த மட்டையில் ஓங்கிப் போட்டுத் திருப்பினால் வாய் மடங்கும், அல்லது தெறிக்கும். உப்பல் சாணையில் இரும்பு வாய்க்குத் தோள் கொடுக்கிறது. கொத்தலாம், ஆனால் தக்காளியை நசுக்கும். தட்டைச் சாணை இரண்டுக்கும் நடுவில். பிரான்சின் ஓப்பினல் மடக்குக் கத்தி 1890-இல் தொடங்கி இன்றுவரை விற்கிறது. அதன் மெல்லிய அலகு மிகச் சற்றே உப்பியது. (அதன் மரப்பிடி நம் ஊர் ஈரத்தில் ஊதி, கத்தி திறக்க மறுக்கும். அது வேறு கதை.)

நான்காவதாக ஒன்று உண்டு. ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டி, மறுபக்கத்தைப் பலகைபோல் தட்டையாக விட்டுவிடுவது. நம் தோட்டங்களில் உண்மையாகவே புழங்கிய மடக்குக் கத்தி இந்த வகைதான்: ரப்பர் கன்றுக்கு ஒட்டுக்கட்டும் கத்தி.

ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் தொடங்கப்பட்டது. சுங்கை பூலோவில் அதன் சோதனைத் தோட்டம் இருந்தது. அங்கே தேர்ந்தெடுத்த நல்ல பால் மரங்களை விதையால் பெருக்க முடியாது. பிள்ளை தாயைப்போல் இருக்காது. மொட்டோடு ஒரு துண்டுப் பட்டையை எடுத்து, வேறொரு கன்றின் பட்டையைத் திறந்து, உள்ளே வைத்துக் கட்டவேண்டும். இரு பட்டைகளுக்கும் உள்ளே இருக்கும் வளர்திசு ஒன்றையொன்று முழுதாகத் தொட்டால்தான் ஒட்டும். வெட்டு ஓர் இடத்தில் குழிந்தாலும் நடுவில் காற்று; மொட்டு கருகிவிடும். இரு பக்கமும் சாய்ந்த கத்தி மரத்துக்குள் போகும்போது வளைந்து வெளியே வரப் பார்க்கும். ஒரு பக்கம் தட்டையான கத்தியோ அந்தப் பக்கத்தை மரத்தின்மேல் படுக்கவைத்து நேராக ஓடும். இடக்கைக்காரருக்கு மறுபக்கம் தீட்டிய கத்தி தனியாக வேண்டும். வலக்கைக் கத்தியைக் கொடுத்தால் ஒவ்வொரு வெட்டும் கோணும்.

பால் வெட்டிலும் இதே கண்டிப்புதான். வளர்திசுவுக்கு ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே கத்தி நிற்கவேண்டும். தாண்டினால் மரத்துக்குக் காயம். அந்த இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி அதில் கோடு போட முடியாது. விடியுமுன் தலைவிளக்கு வெளிச்சத்தில் இதைச் செய்தவர்களைப் 'படிக்காதவர்கள்' என்று எழுதிவைத்தோம்.

பிறகு செம்பனை வந்தது. அதுவும் நம் பக்கத்திலிருந்துதான். பத்தாங் பெர்ஜுந்தையில் (பெஸ்தாரி ஜெயா என்று மாற்றியும் வாய்க்கு வருவது இதுதான்) தென்னமரம் தோட்டத்தில், 1917-இல், ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவைத் தொடங்கினார். செம்பனையில் ஒட்டுக்கட்ட முடியாது; தென்னைபோல அதற்கும் பட்டைக்கடியில் வளர்திசு கிடையாது. இளமரத்துக்கு உளி, உயர்ந்த மரத்துக்குக் கம்பில் கட்டிய அரிவாள். மடக்குக் கத்திக்குத் தோட்டத்தில் வேலையே இல்லாமல் போனது.

ஆகவே தம்பிக்குச் சொன்னது இதுதான். மட்டைக்கு மடக்குக் கத்தி வேண்டாம், எந்தச் சாணையானாலும். அதன் பலவீனம் கீலில் இருக்கிறது. பக்கவாட்டில் நெம்பினால் ஆடும், பூட்டில்லாத கத்தி என்றால் விரல்மேலேயே மடங்கும். எண்ணெய் பட்ட கையில் இன்னும் மோசம். சாக்குக் கயிறு, உரப்பை, மதியத்துக்கு மாங்காய், இவைதான் அதன் வேலை. அதற்குத் தட்டைச் சாணையும் நல்ல பூட்டும் போதும். உடைந்த வாயைக் கல்லில் தேய்த்துச் சரிசெய்யலாம்; ஆனால் குழிச் சாணையில் ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் வாய் தடித்த பகுதிக்கு ஏறும், அறுப்புக் குறையும்.

இன்னொன்றும் சொன்னேன். வேலை முடிந்ததும் அதைப் பையில் போட்டுக்கொண்டு கோலசிலாங்கூர் பசாருக்குப் போகக்கூடாது. 1958-ஆம் ஆண்டு அபாயகர ஆயுதச் சட்டப்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பது குற்றம். தோட்டத்தில் அது கருவி. இரவுச் சந்தையில் அதே கத்திக்குப் போலீஸ்காரர் காரணம் கேட்பார். துடைத்து, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நம் கடற்கரைக் காற்றில் துரு ஒரே வாரத்தில் வந்துவிடும்.