"குரூப்பில் போட்டாச்சு" என்பது பதில் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டுச் சிலருக்கு என்மீது கோபம் வரலாம். பரவாயில்லை.

போன புதன்கிழமை நடந்தது இது. மயிலாடுதுறையில் காலையில் வெறும் தூறல்தான். ஒன்றாம் வகுப்பு படிக்கும் பேத்தியை நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். மாலை 3.45க்குக் கூட்டிவருவதும் நான்தான். மகனுக்குச் சென்னையில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். மருமகள் மூன்றரை மாதக் கைக்குழந்தையோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தாள். புதன்கிழமை அங்கே தடுப்பூசி நாள். சின்னவனுக்குப் பெண்டாவேலன்ட் மூன்றாவது தவணை.

மழை வலுத்ததால் 12 மணிக்கே பள்ளியை விட்டுவிட்டார்கள். அதை 10.40க்கு வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறார்கள். அந்தக் குரூப்பில் இருப்பது மருமகள் மட்டும். தினமும் கூட்டிவரப் போகிற நான் அதில் இல்லை. பெற்ற அப்பனும் இல்லை.

மருமகள் வீட்டுக்கு வந்து, அழுத குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் போனைப் பார்த்தபோது மணி ஒன்றரை. "மாமா, ஸ்கூல் விட்டுட்டாங்களாம்" என்று கத்தினாள். நான் ஓடினேன். பள்ளி வாசலில் பூ விற்கும் அம்மா, தன் பெரிய குடைக்குள் பேத்தியை உட்காரவைத்திருந்தார். யூனிபார்ம் முழுக்க நனைந்திருந்தது. "தாத்தா, எல்லாரும் போயிட்டாங்க" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு காய்ச்சல்.

மறுநாள் பள்ளி அலுவலகத்தில் போய்க் கேட்டேன். பதில் ஒரே வரி: "குரூப்பில் போட்டாச்சே சார்."

வீட்டிலும் தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. மகன் போனில், "மெசேஜ் வந்தா பார்க்க மாட்டியா?" என்று மனைவியைக் கேட்டான். சம்பந்தியம்மாவும் அதையே கேட்டார். உண்மையைச் சொல்கிறேன், என் மனதிலும் அதுதான் ஓடியது. மருமகள் ஒன்றும் பேசவில்லை. போனை என் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க மாமா" என்றாள்.

ஆசிரியர் புத்தி போகாதே. நோட்டை எடுத்துக் கோடு போட்டு எண்ணினேன். வகுப்பு, பள்ளி அறிவிப்பு, தெருக் குடிநீர், அலுவலகம், எங்கள் குடும்பம், அவள் பிறந்த வீடு, கல்லூரித் தோழிகள் என்று ஏழு குரூப். அந்த ஒரு புதன்கிழமை வந்தவை 318. அவளுக்கு உண்மையிலேயே தேவைப்பட்டவை ஐந்து.

மழை அறிவிப்புக்குக் கீழே 46 பேர் "ஓகே மேம்", "நன்றி மேம்", கைகூப்பும் பொம்மை. ஊசிக்கு வரிசையில் நின்றபோது 11.15க்கு அவள் போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். மேலே நின்றது எங்கள் குடும்பக் குரூப். அதில் வரிசையாக ஒன்பது செய்திகள். கோபுரப் படத்தோடு காலை வணக்கம், முருங்கைக்கீரையின் மகிமை, "அனைவருக்கும் பகிரவும்" என்று ஓர் எச்சரிக்கை. ஒன்பதும் நான் அனுப்பியவை. வழக்கமான குப்பைதான் என்று போனைப் பைக்குள் வைத்துவிட்டாள். அதற்கு அடியில் கிடந்தது பேத்தியின் செய்தி.

அவளை யார் குற்றம் சொல்வது?

"நோட்டிபிகேஷனை அணைத்து வையுங்கள், மனம் அமைதியாகும்" என்று அறிவுரை சொல்கிறார்கள். கைக்குழந்தையும் பள்ளிப்பிள்ளையும் உள்ள வீட்டில் அணைக்க முடியுமா? 318-இல் எந்த ஐந்து தன் பிள்ளையுடையது என்று முன்கூட்டியே அவளுக்கு எப்படித் தெரியும்? அதனால் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பால் கொடுக்கும்போதும், குக்கர் விசிலுக்கு நடுவிலும், இரவு பத்து மணிக்கு வரும் "நாளை சார்ட் பேப்பர் கொண்டுவரவும்" வரைக்கும். ஒன்றைத் தவறவிட்டால் பொறுப்பில்லாத தாய் என்று பட்டம்.

நான் 1986-இல் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தவன். இடைநிலை ஆசிரியர். பள்ளியில் போன் கிடையாது. மழைக்கு முன்கூட்டியே விட்டால், தெரு வாரியாகப் பிள்ளைகளை நிறுத்தி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை முன்னால் விட்டு அனுப்புவோம். வீட்டில் ஆளில்லாத பிள்ளை வராண்டாவில் எங்களோடு இருக்கும். அம்மா வயலிலிருந்து வரும்வரை நாங்களும் வீட்டுக்குப் போக முடியாது. அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. அப்போதும் தவறு நடந்தது. ஆனால் தவறினால் அது எங்கள் கணக்கில் எழுதப்பட்டது. இப்போது தாயின் கணக்கில் எழுதப்படுகிறது. அனுப்புவது ஒரு வேலை, சேர்ந்ததா என்று பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையை எல்லாரும் சேர்ந்து அவள் தலையில் கட்டிவிட்டோம்.

2020-இல் கொரோனா வந்தது. பள்ளி போனுக்குள் நுழைந்தது. அன்றைக்கு வேறு வழி இல்லை. பிறகு பள்ளிகள் திறந்தன, ஆனால் போனைவிட்டு வெளியே வரவில்லை. டைரி எழுதும் பழக்கம் போயிற்று. வீட்டுப்பாடத்தைப் பிள்ளை எழுதிக்கொண்டு வருவதில்லை, அம்மா போனில் பார்த்துப் பிள்ளைக்குச் சொல்கிறாள். தன் வேலையைத் தானே நினைவில் வைப்பதும் கல்விதானே ஐயா!

வகுப்பு ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பெண்ணும் இதே வெள்ளத்தில்தான் இருக்கிறார். அரசுப் பள்ளி என்றால் எமிஸ் பதிவு, தனியார் பள்ளி என்றால் நிர்வாகக் குரூப், எதைச் செய்தாலும் போட்டோ. மேலிருப்பவர் அவருக்குப் போடுகிறார், அவர் தாய்க்குப் போடுகிறார்.

இனி என் வயதுக்காரர்களுக்கு. வதந்திகளால் நம் நாட்டில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்ட பிறகு, 2018-இல் வாட்ஸ்அப் நிறுவனமே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் பார்வர்டு செய்ய முடியாது என்று கட்டுப்பாடு வைத்தது. வியாபாரம் செய்கிறவனுக்கே அளவு வேண்டும் என்று தோன்றியது. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு ஈஸிசேரில் உட்கார்ந்திருக்கும் நமக்குத் தோன்றவில்லை. நமக்குப் பொழுது போகவில்லை, அவளுக்குப் பொழுது போதவில்லை. நம் பொழுதை அவள் தலையில் கொட்டுகிறோம்.

பள்ளிகளுக்கு என் கோரிக்கை மூன்று. அட்மின் மட்டும் எழுதும்படி குரூப்பை மாற்றுங்கள், அந்த வசதி பல வருடமாக இருக்கிறது. வீட்டுப்பாடத்தை டைரியில் பிள்ளையே எழுதட்டும். நேரத்துக்கு முன் பள்ளியை விடுவதானால் போன் செய்யுங்கள், பதில் சொல்லாத வீட்டுப் பிள்ளையை வெளியே விடாதீர்கள். முப்பத்தைந்து பிள்ளைக்கு எப்படி என்று கேட்காதீர்கள். பீஸ் கட்டத் தாமதமானால் தனித்தனியாகப் போன் வருகிறதே!

ஆண்களுக்கு ஒன்று. "அதெல்லாம் அவ பார்த்துக்குவா" என்று சொல்லும் அப்பாக்கள் இன்றைக்கே வகுப்புக் குரூப்பில் சேருங்கள். என் மகனைச் சேர்த்துவிட்டேன். செவ்வாயும் வியாழனும் பள்ளிச் செய்தி அவன் பொறுப்பு. சென்னையிலிருந்தும் போனைப் பார்க்கலாம். திங்கள், புதன், வெள்ளி என்னுடையது. அந்த ஐந்து நாளும் மருமகள் பள்ளிக் குரூப்பைத் திறக்க வேண்டியதில்லை.

காலை வணக்கப் படம் அனுப்புவதை நிறுத்திவிட்டேன். மருமகளிடம் மன்னிப்பும் கேட்டேன். "விடுங்க மாமா" என்றாள். பேத்திக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் இப்போது தினமும் ஸ்கூட்டரைவிட்டு இறங்கும்போது, "தாத்தா, இன்னைக்கு எத்தனை மணிக்கு வருவீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.

உங்கள் வீட்டுப் பள்ளிக் குரூப்பில் யார் யார் இருக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். கைகூப்பும் பொம்மை வேண்டாம்.