மாடு வாங்கினோம், புல்லை மறந்தோம்

வெள்ளவத்தைப் பால் தேத்தண்ணிக்கும் கொட்டாஞ்சேனைப் பால் தேத்தண்ணிக்கும் ருசியில் வித்தியாசம் இருக்கலாம். பால்மா மட்டும் அநேகமாக நியூசிலாந்தில் இருந்து வந்ததுதான். 2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாட்டை எடுத்ததும் ஒரு கிலோ பைக்கற் 945 ரூபாவில் இருந்து 1,195 ரூபாவுக்கு ஏறியது. அடுத்த வருசம் டொலர் இல்லை, பால்மாவுக்கும் கியூ. "ஏன், எங்கட நாட்டில மாடு இல்லையா?" எண்டு அப்ப எல்லாரும் கேட்டோம்.

மாடு இருக்கு. அதுக்குப் போதிய தீனிதான் இல்லை.

ஆட்சிக்கு வந்தவர்களுக்குப் பால் எண்டால் கப்பலில் வரும் மாடுதான். 2017இல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இருந்து 20,000 கறவை மாடுகள் இறக்க ஒப்பந்தம் போட்டார்கள். வந்தவை ஏறக்குறைய 5,000. பல செத்தன, பல நோயில் விழுந்தன. நம்பிக் கடன் வாங்கின பண்ணையாளர்களுக்குக் கடன்தான் மிஞ்சியது. காரணம் தீவனம் மட்டுமில்லை, சரி. ஆனால் நல்ல தீனி தின்று வளர்ந்த மாட்டை வெறும் வைக்கோலுக்கு முன்னால் கட்டினால், அது எங்கிருந்து கறக்கும்?

தீவனம் எண்டவுடனே "சோளச் சைலேஜ்" எண்டு சொல்லுவார்கள். பச்சையாக வெட்டி நறுக்கி, காற்றுப் போகாமல் மிதித்து மூடிவைத்தால் புளித்துப் பதப்படும் ஊறுகாய்ப்புல் அது. நல்ல தீனி, மறுப்பில்லை. ஆனால் அதே சோளத்துக்குக் கோழிப் பண்ணைகளும் காத்திருக்கின்றன. உரம் வேணும், தண்ணி வேணும். சோளத்தை மட்டும் நம்புவது, பால்மாவை நம்பின மாதிரித்தான்.

மாற்று எங்கள் வேலியிலேயே நிற்குது. கிளிரிசிடியா இலையில் புரதம் 20 வீதத்துக்கு மேல். தனியாக மூடினால் சரியாகப் புளிக்காது, சி.ஓ-3 புல்லோடு கலந்து, கொஞ்சம் கரும்புப்பாகு தெளித்தால் புளிக்கும். அந்த சி.ஓ-3 கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கம்பையும் நேப்பியர் புல்லையும் கலந்து உருவாக்கின இனம். வறட்சி தாங்கும் இறுங்கும் சைலேஜுக்கு உதவும். வயலில் எரிக்கிற வைக்கோலையும் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணியில் கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் மூடிவைத்தால் மாட்டுக்கு நன்றாகச் செமிக்கும். இதெல்லாம் புது விசயமில்லை. கப்பலில் வராததால் திறப்புவிழா நடக்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இதையே இன்னொரு விதமாகப் பேசுகிற ஆட்களும் இருக்கினம்: "சைலேஜ் இருக்கே, பிறகெதுக்கு மேய்ச்சல் தரை? மாட்டைக் கொட்டிலில் கட்டுங்கோ." இங்கேதான் கவனம் வேணும். 300 கிலோ மாடு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 30 கிலோ பச்சைப்புல் தின்னும். அந்தப் புல் கொட்டில் கூரையில் முளைக்காது. சைலேஜுக்கும் நிலம் வேணும்.

நிலம் யாரிடம் இருக்கு? மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைகளில் அத்துமீறிப் பயிர் செய்வதற்கு எதிராகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினார்கள். தங்கட மாடுகளை வெட்டுகிறார்கள், சுடுகிறார்கள் எண்டு முறையிட்டார்கள். மலையகத்தில் லயத்தில் ஒரு மாடு வைத்திருக்கிற அக்கா, கொழுந்து பறித்து முடித்த கையோடு றோட்டோரம் புல் வெட்டப் போறா. ஒரு பாத்தி சி.ஓ-3 நட அவவுக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலமில்லை. இவர்களுக்குச் சைலேஜ் பயிற்சி மட்டும் கொடுத்துவிட்டு, பால் ஏன் கூடவில்லை எண்டு கேட்பது அநியாயம்.

அதனால் கொழும்பில் இருக்கிற நாங்கள் பால்மா விலைக்கு மட்டும் கத்துவதை நிறுத்துவம். அடுத்த முறை யாராவது "பாலில் தன்னிறைவு" எண்டு மேடை ஏறினால், எத்தனை மாடு எண்டு கேட்காதீங்கோ. எத்தனை ஏக்கர் புல், அது யாருடைய பெயரில் எண்டு கேளுங்கோ.